ஒவ்வாமைப் பரிசோதனை: தாளில் சிவப்பாக இருப்பதெல்லாம் நோயா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. முழங்கை மடிப்பில் கரப்பான் வந்து வந்து போகிறது. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறான். உறவினர் சொன்னதால் ஒரு லேப்பில் உணவு ஒவ்வாமைப் பரிசோதனை செய்தோம். மொத்த ஐஜிஇ 840 என்றும் (உச்ச வரம்பு 90), இறாலுக்கு ஐஜிஇ பாசிட்டிவ் என்றும், பால், கோதுமை, துவரம்பருப்பு மூன்றுக்கும் ஐஜிஜி அதிகம் என்றும் சிவப்பு எழுத்தில் வந்தது. மூன்று மாதமாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஒன்றரைக் கிலோ எடை குறைந்ததுதான் மிச்சம். கரப்பான் அப்படியே இருக்கிறது. ஆயுளுக்கும் இவற்றைத் தவிர்க்க வேண்டுமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த ஒன்றரைக் கிலோதான். வளர வேண்டிய வயதில் பாலையும் பருப்பையும் ஒருசேர நிறுத்துவது, கரப்பானைவிடப் பெரிய கேட்டைச் செய்துவிடும்.

முதலில் ஐஜிஜி. உடல் தான் சந்தித்த உணவை அறிந்து, அதனோடு பழகிக்கொண்டதன் தடமே இந்த ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்). நாள்தோறும் பருப்புச் சாதம் உண்ணும் பிள்ளையின் ரத்தத்தில் பருப்புக்கான ஐஜிஜி இருப்பது இயல்பு. ஐஜிஜியின் ஓர் உட்பிரிவான ஐஜிஜி4 அளவைக் கொண்டு உணவு ஒவ்வாமையைக் கண்டறியக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-இலேயே அறிவித்துவிட்டது. பாலும் கோதுமையும் பருப்பும் முன்பு தொந்தரவின்றி உண்டவைதாம் என்றால், அந்தப் பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவற்றைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கலாம்.

அடுத்து ஐஜிஇ. உடனடி ஒவ்வாமையைத் தூண்டும் ஆன்டிபாடி இதுதான். ஆனால் மொத்த ஐஜிஇ 840 என்பதும் எந்தப் பொருளால் ஒவ்வாமை என்று சொல்லாது. கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு அது தானாகவே உயர்ந்திருக்கும். வயிற்றில் குடற்புழு இருந்தாலும் உயரும்.

யோசிக்க வேண்டியது இறால் ஒன்றுதான். இறாலின் தசையில் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் இருக்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணியின் உடலிலும் அதே சாயலில் ஒரு புரதம் உண்டு. உண்ணிக்கு எதிராக உருவான ஆன்டிபாடி, சோதனைக் குழாயில் இறாலையும் பற்றிக்கொள்ளும். எழுந்தவுடன் தும்மும் பிள்ளைக்கு உண்மையான எதிரி இலவம்பஞ்சுத் தலையணையில் இருக்க, பழி இறாலின் மேல் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. இதைத் தீர்மானிப்பது உங்கள் நினைவுதான்: முன்பு இறால் உண்டபோது, சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்கியதா, உடம்பெங்கும் காணாக்கடி தடித்ததா, வாந்தியோ இளைப்போ வந்ததா? ஒருமுறையேனும் வந்திருந்தால் இறால் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. வந்ததே இல்லை என்றாலும், ஐஜிஇ பாசிட்டிவாக உள்ள உணவை இடைவெளிக்குப் பின் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை மருத்துவரின் கண்முன், அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில்தான் அது நடக்க வேண்டும்.

அவர் தோல் குத்தல் சோதனை செய்யக்கூடும். முன்கையில் ஒவ்வொரு சாற்றிலும் ஒரு துளி வைத்து, ஊசிமுனையால் ரத்தம் வராதபடி மேலாகக் குத்துவார்கள். 15 நிமிடத்தில் கொசு கடித்தாற்போலத் தடிக்கும். வெறும் உப்பு நீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். செட்டிரிசின் போன்ற மாத்திரைகளை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்தச் சோதனையின் அடிப்படையை 1921-இல் ஒருவர் தம் உடம்பிலேயே காட்டினார். ஜெர்மானிய மருத்துவர் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) தம் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்ட ப்ராஸ்னிட்ஸ், மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார்; மீனை நன்றாக உண்ணக்கூடிய அவருக்கு அந்த இடம் மட்டும் தடித்து அரித்தது. சீரத்தில் இருந்த அந்தப் பொருள் ஐஜிஇ என்று தெரிய ஏறக்குறைய 45 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: என் மகள் ஓ நெகட்டிவ், மருமகன் பி பாசிட்டிவ். மகளுக்கு இது முதல் பிரசவம். ‘மறைமுக கூம்ஸ் டெஸ்ட்’ எழுதித் தந்திருக்கிறார்கள். ஒவ்வாமையைக் கண்டுபிடித்தவர்தான் கூம்ஸ் என்கிறார் ஒருவர். அவளுக்கு ஒவ்வாமையே கிடையாதே?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: ஒவ்வாமையை அவர் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் ராபின் கூம்ஸும் ஃபிலிப் கெல்லும் 1963-இல் மிகையுணர்வு நோய்களை (உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுமீறி உடலையே தாக்குபவற்றை) நான்கு வகையாகப் பிரித்தார்கள். மேலே சொன்ன பிள்ளையின் தும்மல் முதல் வகை. நெகட்டிவ் வகைத் தாயின் உடல், பாசிட்டிவ் வகைச் சிசுவின் ரத்தத்தை அந்நியமாகக் கருதி ஆன்டிபாடி உருவாக்கக்கூடும்; அது சிசுவின் சிவப்பணுக்களை அழிப்பது இரண்டாம் வகை. அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை 1945-இல் கூம்ஸ் தம் சகாக்களுடன் வெளியிட்டார். தாயின் சீரத்தில் தேடினால் மறைமுகம். பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் நேரடி.

நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதி, ஆனால் அன்றைய தேதிக்கு மட்டும். தாயின் உடல் அந்த ஆன்டிபாடியை உருவாக்காமல் தடுக்க, வழக்கமாக 28-ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். குழந்தை பாசிட்டிவ் வகை என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மீண்டும் ஒன்று. உடல் ஆன்டிபாடியை உருவாக்கிவிட்ட பிறகு இந்த ஊசியால் பயனில்லை. ஆகவே முன்பு கருச்சிதைவு ஏதும் நேர்ந்திருந்தால் அதைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று: ஊசி போட்ட பின் ரத்தம் எடுத்தால், ஊசியில் உள்ள ஆன்டிபாடியே சோதனையைப் பாசிட்டிவாகக் காட்டிவிடும். முதலில் ரத்தம், பிறகு ஊசி.

கேள்வி: கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறது. ஐஜிஇ நார்மல் என்கிறார்கள். எனக்கு ஒவ்வாமை இல்லையா?
– வாசகி ஒருவர், சிவகாசி

பதில்: இருக்கிறது, ஆனால் அது மேலே சொன்ன நான்கு வகைகளில் நான்காம் வகையாக இருக்கலாம். அதில் ஆன்டிபாடிக்குப் பங்கில்லை, டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள்தாம் வேலை செய்கின்றன. எனவே எந்த ஆன்டிபாடிப் பரிசோதனையும் அதைக் காட்டாது. பெரும்பாலும் காரணம் கவரிங்கில் உள்ள நிக்கல். தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை கேளுங்கள்: முதுகில் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து எடுப்பார்கள், ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது முறைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள். தாமதமாகச் சிவப்பதே இதன் இயல்பு.