நாளெல்லாம் ‘எர்ரர்’ வந்தால் எது எர்ரர்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேர் தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைல் வாரா வாரம் டிஸ்க்கை நிரப்பி, பில் போட முடியாமல் நின்றுவிடுகிறது. போனுக்கு நாள் முழுக்க ‘எர்ரர்’ மெசேஜ் வருவதால் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பெரிய சர்வர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் லாக் எந்த லெவலில், அதாவது எவ்வளவு விவரமாக எழுதும்படி, ஓடுகிறது என்று கேளுங்கள். அநேகமாக ‘டீபக்’ என்பார்கள். புரோகிராம் எழுதுகிறவர் தப்பு கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளும் லெவல் அது. ஒவ்வொரு கிளிக்கையும் எழுதும், சில சமயம் பாஸ்வேர்டையும் வாடிக்கையாளர் போன் நம்பரையும் சேர்த்து எழுதிவிடும். கடையில் ஓடும் சாஃப்ட்வேருக்கு ‘இன்ஃபோ’ போதும்; அன்றாட நடப்பையும் அதைவிடப் பெரிய விஷயங்களையும் மட்டும் எழுதும் லெவல் அது. பெரும்பாலும் செட்டிங் ஃபைலில் ஒரு வரிதான் மாற்ற வேண்டும். பழைய லாக் தானாக அழியும்படி ‘ரொட்டேஷன்’ வைக்கவும் சொல்லுங்கள். பில் கணக்கெல்லாம் டேட்டாபேஸில் இருப்பதால் லாக்கைக் குறைத்தால் கணக்கு தொலையாது.

அப்புறம் மெசேஜ் தொல்லை. ஒரு ஆள் எழுந்து போய்ச் சரிசெய்ய வேண்டிய விஷயம் மட்டும்தான் எர்ரர். கடைப் பையன் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் அது இன்ஃபோ.

வெள்ளி ரேட் விஷயம் மட்டும் கொஞ்சம் சிக்கல். ஆன்லைனில் ரேட் எடுக்கப் போய் முதல் தடவை கிடைக்கவில்லையா, அது வார்னிங், அதாவது குறித்து வைத்தால் போதும், யாரும் எழுந்து ஓட வேண்டாம். சாஃப்ட்வேர் மறுபடி முயன்று எடுத்துவிட்டால் கதை முடிந்தது. எல்லா முயற்சியும் தோற்று, நேற்றைய ரேட்டிலேயே பில் போகப்போகிறது என்றால் அதுதான் எர்ரர், ஏனென்றால் கிலோ கணக்கில் விற்கிற உங்களுக்கு அது காசு. அதே நேரம் நீங்கள் காலையிலேயே ரேட்டைக் கையால் போட்டிருந்தால், தோற்றாலும் வார்னிங்தான். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் இதைப் பிரித்து எழுதச் சோம்பல்பட்டு எல்லாவற்றுக்கும் எர்ரர் போட்டுவிடுகிறார்கள்.

சர்வர் விற்கும் இடைத்தரகர்களிடம்தான் ஜாக்கிரதை. ‘180 நாள் லாக் வைக்கணும், கவர்மென்ட் ரூல்’ என்று பயமுறுத்துவார்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவில் 180 நாள் என்று இருப்பது உண்மைதான். ஆனால் எத்தனை நாள் என்று சொன்னவர்கள் எந்த லெவல் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பேர் டிஸ்க் விற்றுப் பிழைக்கிறார்களோ! டீபக்கை 180 நாள் சேர்த்து வைக்கச் சொல்கிறவர் உங்களுக்காகப் பேசவில்லை, கமிஷனுக்காகப் பேசுகிறார். ரொட்டேஷனை 180 நாளுக்கு வைத்து, பழைய இன்ஃபோ லாக்கை ஜிப் செய்தால் வெகுவாகச் சுருங்கிவிடும், இப்போதுள்ள டிஸ்க்கே அநேகமாகத் தாங்கும்.

லெவலை மாற்றி, எர்ரர் எது வார்னிங் எது என்று பிரித்த பிறகு, கையால் ரேட் போடாத ஒரு நாளில், ரேட் எடுக்கும் நேரத்தில் நெட் வயரைக் கழற்றிப் பாருங்கள். சில வார்னிங், கடைசியில் ஒரே ஒரு எர்ரர் வரவேண்டும். மெசேஜும் அதே நெட்டில் போகிறதென்றால் போனுக்கு வராது, லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள்.