பதின்வயதுப் பிள்ளை மூன்று மாதம் உடற்பயிற்சி செய்தும் எடை குறையவில்லை. வளர்சிதை மாற்றம் மந்தமாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. கனமான உடல் சும்மா இருக்கும்போதே ஒல்லியான உடலைவிடக் கூடுதல் கலோரி செலவழிக்கும். தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறு என்றால் உயரம் வளர்வதும் பொதுவாகத் தடைபடும். பிள்ளை வயதுக்கேற்ப வளர்ந்துவருகிறது என்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

உண்மையான மாற்றம் எடை மெஷினில் தெரியாது. தசை சுருங்கி விரியும்போது, குளுட்-4 என்ற புரதம், சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும் ஹார்மோனான இன்சுலினுக்குக் காத்திராமல் செல்லின் மேற்பரப்புக்கு வந்து ரத்தச் சர்க்கரையை உள்ளே இழுக்கும். பயிற்சி முடிந்த பிறகும் ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்றாகவே இணங்கும். பிறகு பழைய நிலைதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஆடி ஓய்ந்தால் இந்தப் பயன் வாரம் முழுக்க நீடிக்காது. தொடர்ந்து இரண்டு நாள் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். பருவமடையும் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, தற்காலிகமாகக் கூடும். அதிக எடை அதற்கு மேல் இன்னொரு சுமை.

எடை அப்படியே இருந்தாலும் கல்லீரல் கொழுப்பும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும் குறையலாம். ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடும் இறங்கலாம், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் அவ்வளவாக அசையாது. அதனால் இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். அது உயரத்தில் பாதிக்கும் கீழே இருப்பது நல்லது.

"தசை வளர்ந்தால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும்" என்பதை நம்பிவிட வேண்டாம். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரிதான். ஆனாலும் எடைப் பயிற்சி தேவை, சர்க்கரை போய்ச் சேரும் இடமே தசை என்பதால். வாரம் மூன்று நாள், 8 முதல் 15 முறை தூக்கக்கூடிய எடையில், இரண்டு சுற்று போதும். முறையாகச் செய்தால் உயரம் நின்றுவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று சொல்கிறது. முதல் நாளே அதற்குப் போனால் இரண்டாம் வாரம் முட்டி வலியோடு நின்றுவிடும். 15 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

கணக்கு தவறுவது பயிற்சிக்குப் பிறகுதான். 80 கிலோ பிள்ளை அரை மணி வேகமாக நடந்தால் சுமார் 170 கலோரி போகும். 500 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் 200 வந்துவிடும். களைப்பில் மாலை முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதே கதைதான்.

இடுப்பு, தொடை இடுக்கு அல்லது முட்டியில் வலியோடு நொண்டினால் பயிற்சியை உடனே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில், அதிக எடையில், தொடை எலும்பின் தலைப்பகுதி, எலும்பு நீளும் இடமான வளர்தட்டில் நழுவுவது உண்டு. வலி முட்டியில் மட்டுமே தெரியலாம் என்பதால் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.