போலோ ஜிடி டிஎஸ்ஐயின் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்ஷை வீட்டிலேயே பாலியூரித்தேனுக்கு மாற்றலாமா?

வீட்டிலேயே மாற்றலாம். இதே காருக்கு எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்துச் செய்திருக்கிறேன். ஆனால் பாலி (பாலியூரித்தேன் என்ற விறைப்பான பிளாஸ்டிக் வகை) போடவில்லை, ஒரிஜினல் ரப்பர் புஷ்தான். புஷ் என்பது சஸ்பென்ஷன் காரின் பாடியோடு சேரும் இடத்தில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் உருளை.

போலோவுக்குப் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் இரும்புச் சட்டம். அதன் முன்முனைகளில் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய புஷ். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் பீம் முறுக்கிக்கொள்ளும். அப்போது புஷ் சுழல்வதோடு சாய்ந்தும் கொடுக்க வேண்டும். ரப்பர் கொடுக்கும். விறைப்பான பாலி முரண்டு பிடிக்கும், சத்தமும் அதிர்வும் கேபினுக்குள் வரும். மழைக்காலம் முடிந்தபின் சென்னை வேளச்சேரிப் பக்கம் பள்ளம் விழுந்த ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், தெரியும்! இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கென்றே வைத்திருக்கும் காருக்கு வேண்டுமானால் பாலி சரி. நிஜத்தில், நைந்த புஷ்ஷைக் கழற்றிப் புது ரப்பர் போட்டாலே பின்பக்கம் கச்சிதமாகிவிடும்.

வேலைக்கு வருவோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம், தரையில் பேவர் கல் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடிப்பலகை. கடற்காற்றில் போல்ட் துருவேறி இறுகியிருக்கும், முந்தின நாளே ஆயில் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். பீமை இறக்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடக் கூடாது. பீமைக் காரின் பாடியோடு பிடிக்கும் பிராக்கெட்டைக் கழற்ற நேர்ந்தால் அது இருந்த இடத்தை மார்க் செய்துகொள்ளுங்கள்.

பழைய புஷ் வெளியே வர, திருகி இழுக்கும் புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்தால் புஷ் உட்காரும் வளையம் கோணிவிடும். ரப்பரைக் கொளுத்தி எடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த யோசனையே வேண்டாம். கழற்றுமுன் புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் உள்ள இடைவெளிகள் அதே கோணத்தில் வர வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது போல்ட் முறுக்கும் இடத்தில்தான். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுகப் பிடித்துக்கொள்ளும், ரப்பர்தான் முறுகும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். எனவே காரைத் தூக்குமுன்பே சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கடைசியில் ஜாக்கியால் பீமைத் தூக்கி, கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பாமல் பார்த்துக்கொண்டு, அதே அளவு வந்ததும் முறுக்குங்கள். புது போல்ட் போட்டு, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள்.

அப்புறம் ஃபோர் வீல் அலைன்மென்ட், அதாவது நான்கு சக்கரங்களின் கோணங்களையும் கடையில் சரிபார்ப்பது. பின்சக்கர ரீடிங்கையும் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். சில கடைகளில் முன்சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள்.