பழைய மர ஜன்னலை எடுத்துட்டு யூபிவிசி போடப் போறோம், மேல செங்கல் லேசா தொங்குது. ஃபோம் அடிச்சு சரி பண்ணிடலாம்னு ஃபிட்டர் சொல்றார், நம்பலாமா?

நம்பாதீங்க. ஃபோம் காத்தும் தண்ணியும் உள்ள வராம அடைக்கத்தான், செவுத்த தாங்க இல்ல.

உங்களுதும் சுண்ணாம்புக் காரைல கட்டின வீடாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அந்த மாதிரி வீட்டுல நெறைய இடத்துல லிண்டலே (ஜன்னலுக்கு மேல செவுத்து பாரத்த தாங்கற விட்டம்) இருக்காது, தேக்கு நிலைதான் மேல இருக்கற செங்கலை இத்தன வருஷமா சுமந்துட்டு நிக்கும். யூபிவிசி சுமக்காது. உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வச்சிருக்கோம்பாங்க, அது காத்துக்கு ஃப்ரேம் வளையாம இருக்கறதுக்கு. செவுரு பாரம் இறங்குச்சுன்னா மொதல்ல ஷட்டர் நகராது, அப்புறம் கண்ணாடி தெறிக்கும்.

மாயவரத்துல எங்க தாத்தா வீடு இதே கதைதான். நிலையோட மேல்கட்டைய கரையான் தின்னுடுச்சு, நூல் பிடிச்சுப் பாத்தா நடுவுல முக்கா இஞ்ச் இறக்கம், ரெண்டு மூலைலேர்ந்தும் படிக்கட்டு மாதிரி விரிசல் முக்கோணமா மேல ஏறுது. அந்த முக்கோணத்துக்குள்ள இருக்கற செங்கல் மட்டும்னா கூட பரவால்ல, எங்களுது மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கல் அடுக்கின பழைய காலத்து மாடி), ஒரு உத்திரத்தோட முனை கரெக்டா அந்த ஜன்னலுக்கு மேல உக்காந்திருக்கு. ஜன்னல் கம்பெனி ஆள் டேப்ப புடிச்சு அளந்துட்டு "ஒரே நாள் வேலை சார்"ங்கறார். இருங்கன்னு சொல்லிட்டு எங்க பெரிய கொத்தனாரக் கூப்பிட்டேன். அவர் கரண்டிக் காம்பால நாலு தட்டு தட்டிட்டு, "நிலைய உருவுனீங்கன்னா எல்லாம் மடில வந்து உக்காந்துரும் தம்பி"ன்னார்.

அப்புறம் உத்திரத்துக்கு அடில ஜாக்கி முட்டு, ஜன்னலுக்கு மேல செவுத்துல ஓட்டை போட்டு இரும்பு பீம் சொருகி உள்ளயும் வெளியயும் முட்டு. அதுக்கப்புறம்தான் நிலையவே எடுத்தாங்க. கீழயே வார்த்து க்யூரிங் முடிஞ்ச லிண்டல ஏத்தி, ரெண்டு பக்கமும் 9 இஞ்ச் உக்கார வச்சு (6 இஞ்சுக்கு கொறையவே கூடாது), மேல இருந்த சந்துல சுருங்காத கிரவுட்ட (சந்து அடைக்கற சிமெண்ட் கலவை) இறுக்கி அடைச்சாங்க. ஜன்னலுக்கு அளவு எடுக்கறது இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான், ஏன்னா ஓப்பனிங் மாறிடும். முன்னாடியே ஆர்டர் குடுத்துடாதீங்க.

உடனே கமெண்ட்ல வந்து "நாங்க அப்படியே மாத்தினோம், ஒன்னும் ஆகல"ம்பீங்க. உங்க வீட்டுல லிண்டலோ ஆர்ச்சோ இருந்திருக்கும் சாமி. நான் இன்ஜினியர் இல்ல, ஒத்துக்கறேன், அதனாலதான் உத்திரம் மேல வருதுன்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர நேர்ல வரச்சொல்லிக் காட்டுங்கங்கறேன், போட்டோ அனுப்பிக் கேக்காதீங்க.

செலவு? அத ஏன் கேக்கறீங்க. "ஜன்னல் மாத்தச் சொன்னா செவுத்தையே பேக்கறியேண்ணே"ன்னு ஓசூர்லேர்ந்து வாய்ஸ் மெசேஜ் போட்டான் என் தம்பி. பொங்கலுக்கு வந்தவன் அதே ஜன்னல் முன்னாடி குடும்பத்தோட நின்னு செல்ஃபி எடுத்து "எங்க பூர்வீக வீடு"ன்னு ஸ்டேட்டஸ் வச்சான். லிண்டல் காசுல அவன் பாதி இன்னும் வரல. கேட்டா இந்த மாசம் இஎம்ஐ டைட்டாம்.