பதில்: திண்டிவனத்தில் சென்னை அ 720 இரைச்சல்

திண்டிவனத்தில் மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸில் ஆகாசவாணியின் சென்னை அ நிலையத்தைக் கேட்டால் காலையில் செய்தி, மதியம் நாடகம், இரவில் கச்சேரி, மூன்றிலும் "கர்ர்" என்று எழுதியிருக்கிறீர்கள். பகலிலும் அப்படியென்றால் குற்றவாளி பெரும்பாலும் வீட்டுக்குள்தான். மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் நின்றால் மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

குச்சி ஆன்டெனாவை இழுத்து நீட்டிப் பயனில்லை, அது எஃப்எம்முக்கு. மீடியம் வேவைப் பிடிப்பது உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு (கம்பி சுற்றிய கறுப்புக் காந்தப்பொருள் தண்டு). அதன் முனை எந்தப் பக்கம் நீள்கிறதோ, அந்தப் பக்கத்து ஒலி மங்கும். ரேடியோவை மெல்லத் திருப்பி, முனையை இரைச்சலை நோக்கி வையுங்கள்.

போதாதா? தனியாக ஒரு லூப் (வளைய) ஆன்டெனா செய்யுங்கள். 60 செ.மீ. சதுர மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட வயரை 12 சுற்று, சுற்றுக்கு 4 மி.மீ. இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். இரு நுனிகளையும் 365 பிகோஃபாரட் கேங் கண்டன்சரில் (திருகி அளவை மாற்றும் மின்தேக்கி) சேர்த்து, ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக் கண்டன்சரைத் திருகினால் ஓரிடத்தில் ஒலி சட்டென்று எழும்பும். ரேடியோவுக்கு வயர் இணைப்பே வேண்டாம். நெருக்கிச் சுற்றினால் டியூனிங் இடம் மாறிவிடும்.

இரவில் மட்டும் குறுக்கிடும் வேற்று நிலையம் வேறு கதை: பகலில் அலையை விழுங்கும், வானில் உயரே உள்ள அயனி அடுக்கு இருட்டியதும் கரைந்துவிடுகிறது; அதனால் தொலைதூர நிலையங்களும் வந்து சேர்கின்றன. அதற்கும் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் முழுசாகப் போகாது.