புகழ்பெற்ற கிராண்ட்மாஸ்டர் சதுரங்க ஆட்டம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு நகர்த்தலைச் சொல்லச் சொன்னால், எதைச் சொல்வீர்கள்? ஏன்?

2013 ஜனவரியில், நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியின் நான்காவது சுற்றில், ஆர்மீனிய வீரர் அரோனியனுக்கு எதிராக, கறுப்புக் காய்களுடன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய 19-ஆவது நகர்த்தல். எஃப் வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எஃப்5-இல் வைத்தார் (நெடுவரிசைகளுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்). அவ்வளவுதான். செக் இல்லை, பலி இல்லை, ஒரு காயைக்கூட வெட்டவில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 16-ஆவது நகர்த்தலைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். அங்கே ஆனந்த் குதிரையை டி7-இலிருந்து இ5-க்கு எடுத்துப் போகிறார். அந்த நேரத்தில் பலகையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும்: கறுப்பின் மந்திரி, இரண்டு குதிரைகள், ஒரு யானை, ஆக நாலு காய்கள் ஒரே சமயத்தில் வெட்டுக்கு நிற்கின்றன. இ5 குதிரையை எஃப்4 சிப்பாயால் வெட்டினால், கறுப்பு ராணி டி4-இல் வெட்டி செக். ராஜா ஹெச்1 மூலைக்குப் போனால் ராணி ஜி1-இல் போய் விழும். அதை யானையால்தான் வெட்ட முடியும். வெட்டியதும் குதிரை எஃப்2-இல் குதித்து மேட். சொந்தக் காய்களுக்கு நடுவே மூச்சு முட்டிச் சாகும் ராஜா.

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்தக் குதிரைதான் உயிர். கோட்டையூரில் நண்பன் ஒருவனின் பூர்வீக வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுவோம். வளவு ஓரத்துப் பட்டாலையில் பலகை. நண்பன் வீட்டுப் பெரியவர்கள் ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் வந்த தேக்குப் பலகை அது, இன்னும் கோணவில்லை. காய்களில் கறுப்பு யானை ஒன்று மட்டும் எப்போதோ தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு கொட்டைப்பாக்கு நிற்கும்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் புதிதாக வந்தான். அவனுக்காக இந்த ஆட்டத்தை எடுத்தோம். கறுப்புப் பக்கம் அவன் உட்கார்ந்தான். எஃப்8-இல் அந்தப் பாக்கு. 13-ஆவது நகர்த்தலில் அரோனியனின் குதிரை ஹெச்7 சிப்பாயை வெட்டியதிலிருந்தே அந்த யானை ஆபத்தில்தான் இருக்கிறது. ஆனந்த் அதை நகர்த்தவே இல்லை. அரோனியன் தன் 19-ஆவது நகர்த்தலில் குதிரையால் யானையை வெட்டுகிறார்; அதற்கு ஆனந்தின் பதில்தான் எஃப்5. வாத்தியார் பாக்கை எடுத்து வெளியே வைத்தார். உடனே பையனின் கை ராஜாவின் தலையைப் பிடித்துவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் குதிரை நிற்கிறது, காவல் இல்லை, வெட்டவேண்டியதுதானே?

வாத்தியார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, கையை மடியில வை. எதிரி அடுத்து என்ன செய்வான்னு சொல்லு, அப்புறம் காயைத் தொடு."

பையன் முறைத்துப் பார்த்தான். "அவன் யானையை எடுத்துட்டான் சார், நான் எதையும் எடுக்கலையே!"

எனக்கு அந்தக் குரலில் என்னையே கேட்டதுபோல் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில், எதிராளி என் குதிரையை வெட்டினார். கடிகாரத்தில் எனக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இரண்டு விநாடியில் திருப்பி வெட்டினேன். நாலே நகர்த்தலில் மேட். வெட்டினால் திருப்பி வெட்டவேண்டும் என்று கை பழகிவிட்டது, மூளை அதற்குப் பின்னால் ஓடியது. அன்று இரவு காரைக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் தூக்கம் வரவில்லை.

சரி, எஃப்5 என்ன செய்கிறது? வெள்ளை ராணி சி2-இல் இருக்கிறது. அங்கிருந்து மூலைவிட்டமாக ஹெச்7 வரை வழி திறந்து கிடக்கிறது. கறுப்பு ராணி ஆசைப்பட்டு நேராக ஹெச்4-க்குப் பாய்ந்தால், வெள்ளை ராணி ஹெச்7-இல் செக் வைத்து ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ளும். எஃப்8-இல் நிற்கும் குதிரை அந்த ராணிக்குக் காவல். ராணி போனபின் தாக்குதலில் பாதி வேகம் போய்விடும். எஃப்5 அந்த வழியில் ஒரு சுவர் எழுப்புகிறது. ஜி4 குதிரைக்கும் முட்டுக் கொடுக்கிறது. அடுத்து ராணி ஹெச்4-க்கு வரும் என்ற மிரட்டலும் நிற்கிறது. ஒரு யானையை இழந்துவிட்டு, வெட்டக் கிடைக்கும் குதிரையை "நீ எங்கே போகப் போகிறாய்" என்று விட்டுவைக்கிற நிதானம் இருக்கிறதே, அதை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. அந்தக் குதிரை ஜி6-க்கு ஓடியது. ராணி எஃப்6-க்கு வந்து துரத்தி, இரண்டு நகர்த்தலில் அதை அங்கேயே எடுத்துக்கொண்டது.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய போலந்து மேதை ரூபின்ஸ்டைன் இல்லாமல் இதெல்லாம் இல்லை என்பார். இன்றைய போலந்தில் உள்ள லோட்ஸ் நகரில் 1907-இல் ராட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடிய ஆட்டத்தைத்தான் சொல்கிறார். அங்கேயும் கறுப்பின் இரண்டு மந்திரிகள் தூரத்தில் நின்றபடி ராஜாவைக் குறிவைக்கும். ராணியையே வெட்டுக்கு விட்டுவிட்டு யானையால் சி3-இல் வெட்டுவார். உறவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரூபின்ஸ்டைனின் நகர்த்தல்கள் கையைப் பிடித்து இழுக்கும், எஃப்5 கையைக் கட்டிப்போடும். கற்றுக்கொள்ள எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கடைசி நிலையைப் பையனிடமே விட்டோம். கறுப்பு ராணி ஹெச்5-இல். வெள்ளையின் ஹெச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்ட முடியாது, வெட்டினால் ஹெச்1-இல் இருக்கும் ராஜா செக்கில் மாட்டும். ஜி2 சிப்பாயும் அசைய முடியாது, பி7-இலிருந்து மந்திரி பார்க்கிறது. ஆக ராணி ஹெச்3-இல் வெட்டினால் முடிந்தது. ஆனால் டி3-இல் இருக்கும் வெள்ளை ராணி அந்த வரிசை முழுவதையும் காக்கிறது.

"உன் நகர்த்தல்" என்றார் வாத்தியார்.

கால்மணி நேரம் போயிருக்கும். வளவில் வெளிச்சம் மங்கி, நண்பனின் அப்பத்தா வந்து விளக்கைப் போட்டுவிட்டு, வெள்ளைப் பணியாரத் தட்டைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். பையன் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

"சார், அந்த ராணி கண்ணை மறைச்சா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவன் டி4 மந்திரியை எடுத்து இ3-இல், வெள்ளை ராணிக்கும் ஹெச்3-க்கும் நடுவில் வைத்தான். ஆனந்தின் 23-ஆவது நகர்த்தல். அதைப் பார்த்ததும் அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

"எஃப்5 ஆடினப்பவே அவருக்கு இது தெரியுமா சார்?" என்று கேட்டான் பையன். வாத்தியார் காய்களைப் பின்னோக்கி நகர்த்தி, பாக்கை மறுபடியும் எஃப்8-இல் வைத்தார்.