போக்கரில் ஃபிளாப் பொருந்தாதபோதும் தொடர்ந்து பந்தயம் கட்டத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஃபிளாப்புக்கு முன்னர் பந்தயத்தை ஏற்றியவர் நீங்கள். ஃபிளாப் என்று நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று விளையாட்டுக் கடதாசிகள் விழுகின்றன, உங்கள் கையிலுள்ள இரண்டோடு ஒன்றும் சேரவில்லை. ஆனாலும் படித்த பாடத்தின்படி மறுபடியும் கட்டுகிறீர்கள், மேசையில் ஒருவரும் விடுவதாக இல்லை. "என்ன பிழை செய்கிறேன்?" என்று கேட்டுவிட்டு, "எல்லோரும் தெரிந்தவர்கள்தான்" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியை வைத்து மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஒரு விறாந்தை, பிளாஸ்டிக் கதிரைகள், ஐந்தாறு பேர், அவர்களில் ஒருவராவது உங்கள் மாமாவோ சித்தப்பாவோ. சரிதானே?

பதிலுக்கு முன்னர், சூது என்று சொல்லித் தருமரையும் நளனையும் இழுத்துக்கொண்டு வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் காசு வைத்து விளையாடுவதில்லை. கடைசியாகத் தோற்றவர் மற்றவர்களுக்கு நல்லூரடியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பணயம். கடதாசி விளையாடி வீடு வாசலை இழந்தவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. சீட்டுப் பணம் பிடித்தவர் இரவோடிரவாக ஓடிப்போனதால் இழந்தவர்கள் இருக்கிறார்கள்; அதை ஏனோ யாரும் சூது என்று சொல்வதில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன். எதிரே ஒருவர் மட்டும் நின்றால், அவரும் கடதாசியை எறியத் தெரிந்தவராக, அதாவது வேண்டாம் என்று விலகத் தெரிந்தவராக இருந்தால், தாராளமாகக் கட்டுங்கள். மற்ற நேரங்களில் பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டிவிட்டு அடுத்த கடதாசியைப் பாருங்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் "எறியத் தெரிந்தவர்" என்று சொன்னேனே, யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்டவரைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதற்குக் காரணம் 304 என்ற கடதாசி விளையாட்டு.

304 அறியாத வெளியூர் வாசகர்களுக்காக: நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள், மொத்தம் 32 கடதாசிகள். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. முதலில் ஆளுக்கு நான்கு கடதாசிகள்; அவற்றைப் பார்த்தவுடனேயே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று 160 இலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். கேட்டு எடுத்தவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நான்கும் வரும். பாதிக் கையை வைத்துத் துணிந்து கேட்டுவிட்டு மீதிப் பாதிக்காகக் காத்திருப்பதில், ஃபிளாப்புக்கு முன்னர் ஏற்றிவிட்டு ஃபிளாப்பைப் பார்ப்பதன் சாயல் நன்றாகவே இருக்கிறது. போக்கரை எங்கள் ஆட்கள் ஒரே இரவில் பிடித்துக்கொண்டதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் 304இல் இல்லை. கையில் வந்ததை எறிந்துவிட்டு ஒதுங்கியிருக்க முடியாது. எட்டுக் கடதாசியும் குப்பையாக இருந்தாலும் கடைசிப் பிடி வரை இருந்து இறக்கியே ஆக வேண்டும், கூட்டாளியை நடுவழியில் விட முடியாது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்தும், பிறகு ஊரடங்கு நாட்களில் பகல் முழுக்க இருந்தும் இதை விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். "வேண்டாம், நான் விலகுகிறேன்" என்ற அசைவு எங்கள் கைக்குப் பழக்கமே இல்லை. அப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்து நீங்கள் பொட்டில், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகையில், முக்கால்வாசியைத் தள்ளிப் பயமுறுத்தினால், அவர் உங்களை ஒரு முறை பார்ப்பார், தன் கடதாசியை ஒரு முறை பார்ப்பார், பிறகு சிப்ஸை, அந்தப் பந்தய வில்லைகளை, எண்ணி நடுவில் வைப்பார்.

இந்தக் கேள்விக்கு நான் ஓடிவந்து எழுதுவதற்குக் காரணம் டொரொன்டோவில் இருக்கும் என் மச்சான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், அலுமினியப் பெட்டி நிறையச் சிப்ஸும் கொண்டுவந்தார். போக்கரைப் பற்றி நிறையப் படித்தவர், அதில் சந்தேகமில்லை. எங்களுக்கு விளையாட்டைப் பொறுமையாகச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஆனால் விளையாடத் தொடங்கினால் ஒரே பாட்டு: ஏற்றுவார், ஃபிளாப் விழுந்ததும் என்ன விழுந்தது என்றுகூடப் பாராமல் கட்டுவார்.

அன்று அவர் கையில் ஆசும் ராசாவும். ஏற்றினார், மூன்று பேர் கூடவே வந்தார்கள். ஃபிளாப்பில் ஒன்பது, எட்டு, நான்கு. அவற்றில் இரண்டு ஸ்கோப்பன் (ஸ்பேட்). மச்சான் பொட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளினார். இரண்டு பேர் விட்டுவிட்டார்கள். மிஞ்சியவர் மாமா. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது இரண்டே கடதாசி, அதையும் எட்டுக் கடதாசியைப் பிடிப்பது போல விசிறியாக விரித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பார். பெருவிரலை நாக்கில் தொட்டு ஒன்றை மற்றொன்றின் பின்னால் தள்ளிவைப்பார், சிறிது நேரம் கழித்து மறுபடியும் முன்னால் எடுப்பார். அன்றும் அப்படியே அடுக்கிவிட்டு அதே தொகையை வைத்து ஈடு கட்டினார். நான்காவதாக ராணி விழுந்தது. மச்சான் மறுபடியும் தள்ளினார், மாமா மறுபடியும் அடுக்கினார், கட்டினார். ஐந்தாவதாக இரண்டு. மச்சான் இன்னும் பெரிதாகத் தள்ளினார். மாமா கட்டிவிட்டுக் கடதாசியைத் திருப்பினார்: ஆறும் நான்கும். நான்கில் ஒரு ஜோடி.

மச்சானிடம் ஒன்றுமில்லை. "மூன்று தரம் அடித்தேனே மாமா, அந்த நான்கை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டார். "கையில் வந்ததை ஏன் தம்பி எறிய வேண்டும்?" என்றார் மாமா. அதற்கு மச்சான் எங்கள் எல்லோரையும் சேர்த்து, "உங்களுக்கு விளையாடத் தெரியவில்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது அந்த வார்த்தைதான்.

கணக்கைப் பாருங்கள், யாருக்குத் தெரியவில்லை என்று விளங்கும். ஜோடியில்லாத இரண்டு கடதாசிகளோடு ஃபிளாப்பைப் பார்ப்பவருக்கு மூன்றில் ஒரு தடவைதான் ஜோடியோ அதைவிட மேலானதோ அமையும். ஆகவே எதிரே ஒருவர் மட்டும் இருந்தால், மூன்றில் இரண்டு தடவை அவருக்கும் ஒன்றுமில்லை. பொட்டில் பாதியைக் கட்டும் பந்தயம் மூன்றில் ஒரு தடவை வென்றாலே முதலுக்கு மோசமில்லை. தொடர்ந்து கட்டுவது இலாபம் என்று படித்தவர்கள் சொல்வது இதனால்தான், அது சரியும்கூட. ஆனால் எதிரே மூன்று பேர் என்றால், மூவருக்கும் ஒன்றும் விழாமல் போவது பத்தில் மூன்று தடவைதான். மூன்றில் இரண்டு பங்கு பொட்டைக் கட்டினால் பத்தில் நான்கு தடவையாவது எல்லோரும் விட வேண்டும். ஒன்றும் விழாதவர்கள் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் கடதாசியை எறிவார்கள் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. எங்கள் மேசையில் அவர்கள் எப்போதும் எறிவதும் இல்லை.

"ஆசும் ராசாவும் இருக்கிறதே, அவற்றில் மிச்சம் ஆறு கடதாசிகள் வந்தால் ஜோடி சேருமே" என்று ஒருவர் வருவார். வரட்டும். அந்த ஆறுக்காகச் செலவில்லாமல் அடுத்த கடதாசியைப் பார்க்கலாமே, ஏன் தள்ள வேண்டும்? கணினி நிரல்களைப் பார்த்துப் படித்த இளைஞர்கள், சிறு தொகையாகக் கட்டினால் பெரும்பாலான ஃபிளாப்பில் கட்டலாம் என்பார்கள். அந்த நிரல்களின் விடை, எதிரே இருப்பவரும் விடவேண்டிய அளவுக்குச் சரியாக விடுவார் என்ற அடிப்படையில் வந்தது. மாமாவை அந்த நிரலுக்குள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

விழுந்த கடதாசியும் கவனிக்க வேண்டியது. ராசா, ஏழு, இரண்டு, மூன்றும் மூன்று இனம் என்று விழுந்தால் அது வறண்ட ஃபிளாப். ஏற்றியவரிடம் ராசா இருக்கும் என்று மற்றவர் நம்புவார், துரத்துவதற்கும் அவருக்கு ஒன்றுமில்லை. ஜாக், பத்து, ஒன்பது, அதில் இரண்டு ஆட்டின் (ஹார்ட்) என்று விழுந்தால் எல்லோர் கையிலும் ஏதோ ஒரு நப்பாசை முளைத்துவிடும். ஓர் ஆட்டினுக்காகக் காத்திருப்பவருக்கு இரண்டு கடதாசிகள் மிச்சமிருக்கும்போது அது வந்து சேர ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு. அவரை எதைக் காட்டித் துரத்துவீர்கள்?

இடையில் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். நாங்கள் ஏன் மாமா வீட்டு விறாந்தையில் விளையாடுகிறோம் தெரியுமா? முன்னர் எங்கள் வாசிகசாலையின் வெளித் திண்ணையில் பின்னேரங்களில் இரண்டு கூட்டமாவது 304 நடக்கும். உள்ளே பேப்பர் வாசிப்பவர்கள், வெளியே கடதாசி, ஓரத்தில் கரம் பலகை. வெளிநாட்டிலிருந்து காசு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். மாபிள் தரை, கண்ணாடிக் கதவு, உபயகாரர்களின் பெயர் பொறித்த கல். திண்ணை மட்டும் இல்லை. கதவு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். தரை அழுக்காகிவிடுமாம். வயதானவர்கள் வீட்டில் தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் இருக்கிறார்கள். ஊருக்கு நல்லது செய்ய நினைப்பவர்கள் முதலில் ஊரார் எங்கே இருந்து கதைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கட்டினால் என்ன? இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பெயர் "கடதாசிக்காரன்".

சரி, மேசைக்கு வருவோம். மச்சான் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு, அவரை மாத்திரம் பார்த்து விளையாடுவது என்று முடிவெடுத்தேன். அந்த மேசையில் ஜோடி இருந்தும் கடதாசியை எறியத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆகவே பொய் சொல்லி வெல்லக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். பங்கிடும் இடம் எனக்கு வந்தபோது கையில் ஸ்கோப்பன் ராணியும் ஜாக்கும். ஏற்றினேன். மச்சான் மட்டும் கூட வந்தார். ஃபிளாப்பில் டயமன் ஆசு, கலாவரை (கிளப்) எட்டு, ஸ்கோப்பன் மூன்று. எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏற்றியவனிடம் ஆசு இருக்கும் என்று படித்தவர் எவரும் நினைப்பார். பொட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினேன். மச்சான் ஈடு கட்டினார். நான்காவது, ஸ்கோப்பன் ராசா. இப்போது நிலைமை மாறிவிட்டது: இன்னொரு ஸ்கோப்பன் வந்தால் ஐந்தும் ஒரே இனம், ஒரு பத்து வந்தால் பத்திலிருந்து ஆசு வரை வரிசை. மொத்தம் பன்னிரண்டு கடதாசிகள் எனக்கு உதவும். இப்படிப் பின்னால் ஒரு வழி வைத்துக்கொண்டு சொல்லும் பொய்தான் நல்ல பொய். பெரிதாகத் தள்ளினேன். யோசித்துவிட்டுக் கட்டினார். கடைசியாக விழுந்தது ஆட்டின் இரண்டு, எனக்குப் பயனில்லை. ஆனால் தொடக்கம் முதல் நான் சொல்லிவந்த கதை "என்னிடம் ஆசும் ராசாவும்" என்பது. அதை நடுவில் மாற்ற என்ன இருக்கிறது? மூன்றாம் முறையும் தள்ளினேன், பொட்டின் அளவுக்கு.

மச்சான் சிப்ஸைக் கையில் எடுத்து உருட்டினார். நான் முதலில் எவ்வளவு ஏற்றினேன், பிறகு எவ்வளவு கட்டினேன் என்று வாய்விட்டே கணக்குப் பார்த்தார். மாமா பொறுமையிழந்து, "கட்டும் தம்பி, தேத்தண்ணீர் ஆறுகிறது" என்றார். மச்சான் கேட்கவில்லை. ஒன்பதையும் எட்டையும் எல்லோருக்கும் விரித்துக் காட்டி, "எட்டு ஜோடி இருக்கிறது, ஆனாலும் விடுகிறேன், நீ ஆசு ராசா" என்று பெருமையோடு எறிந்தார். நான் என்னுடையதைக் கவிழ்த்தபடியே குவியலுக்குள் தள்ளிவிட்டேன்.

இதில் அவர் செய்ததும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல விளையாட்டுக்காரர்தான் அப்படி விடுவார். 2003இல் லாஸ் வேகாஸில் போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியில் 839 பேர் விளையாடினார்கள். இணையத்தில் சிறு தொகைப் போட்டி வென்று உள்ளே வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், கடைசியில் சாம் ஃபர்ஹா என்ற தொழில்முறை விளையாட்டுக்காரரோடு தனியே மோதினார். ராசாவும் ஏழும் வைத்துக்கொண்டு, எதுவும் சேராத நிலையில், கடைசிக் கடதாசியில் இருந்ததையெல்லாம் தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பதில் ஜோடி இருந்தது, அதுதான் அங்கே மேல் ஜோடி, அதாவது நடுவில் விழுந்ததில் பெரிய கடதாசியோடு சேர்ந்தது. நீண்ட நேரம் யோசித்து விட்டுவிட்டார். மணிமேக்கர் 25 இலட்சம் டொலரோடு வீடு போனார். ஃபர்ஹாவின் கதிரையில் எங்கள் மாமா இருந்திருந்தால், ஒன்பதை முன்னும் பின்னும் அடுக்கிவிட்டுக் கட்டியிருப்பார். மணிமேக்கர் மறுபடியும் கணக்கெழுதப் போயிருப்பார்.

ஆகவே உங்கள் மேசையில் யார் எறிகிறார்கள் என்று சில நாட்கள் பார்த்துவிட்டு அவர்மேல் மட்டும் கை வையுங்கள். எறியாதவர்களுக்கு எதிராக, ஃபிளாப்பில் மேல் ஜோடி கிடைத்தால் வெட்கப்படாமல் மூன்று முறையும் பெரிதாகக் கட்டுங்கள். நான்கில் ஜோடி வைத்துக்கொண்டு கடைசி வரை வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பிளஃப் செய்து, அதாவது பொய்ப் பந்தயம் கட்டிக் கிடைப்பதைவிட இதில் அதிகம் கிடைக்கும். கைதட்டுத்தான் கிடைக்காது.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் ஒருவர் "எந்தச் செயலியில் காசு கட்டி விளையாடலாம்?" என்று கேட்டிருக்கிறார். மேலே இரண்டாவது பந்தியை மறுபடியும் வாசியுங்கள் ஐயா. இன்னொருவர், மச்சானிடம் உண்மையைச் சொன்னீர்களா என்று கேட்கிறார். அவரும் இந்தத் தளத்தில்தான் இருக்கிறார், என் பதில்களுக்கு வாக்களிப்பவர். இதற்கும் அளிக்கிறாரா என்று பார்ப்போம்.